செருப்புப் பெட்டியில் டெகூபாஜ்: சுருக்கம் இல்லாமல் ஒட்டுவது எப்படி?

படம் போட்ட காகிதத்தை ஒட்டி மேலே வார்னிஷ் பூசுவது, அவ்வளவுதான் டெகூபாஜ். 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் கிழக்கிலிருந்து வந்த விலை உயர்ந்த அரக்குச் சாமான்களைப் பார்த்து, அச்சிட்ட படங்களை மரச்சாமான்களில் ஒட்டி வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள். மரம் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். அட்டை தாங்காது. உப்புவது, வளைவது, சுருங்குவது எல்லாமே பசையில் இருக்கும் தண்ணீரால் வருவதுதான், அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான்.

முதலில் பெட்டி. மூடி தனியாகக் கழன்று வரும் கெட்டியான செருப்புப் பெட்டி போதும். பார்சலில் வரும் வரிவரியான அட்டை வேண்டாம், எத்தனை பூச்சு பூசினாலும் அந்த வரிகள் மேலே தெரியும். பளபளப்பான பெட்டி என்றால் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் பிடிக்காது.

அப்புறம் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட். மெல்லிய பூச்சாக இரண்டு முறை, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. உள்பக்கமும் பூச வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்தால் அட்டை அந்தப் பக்கமாக இழுத்து வளைந்துவிடும். மூடி வந்து உட்காரும் விளிம்பில் மட்டும் ஒரே பூச்சோடு நிறுத்துங்கள், அங்கே காகிதமும் ஒட்ட வேண்டாம். தடிமன் கூடினால் மூடி இறங்காது.

காகிதத்துக்கு, பூப்போட்ட பேப்பர் நாப்கின்தான் என் தேர்வு. அதில் இரண்டு மூன்று அடுக்கு இருக்கும், படம் உள்ள மேல் அடுக்கு மட்டும் நமக்கு வேண்டும். பிரிய மறுத்தால் மூலையில் முன்னும் பின்னும் செலோடேப் துண்டு ஒட்டி இரண்டையும் எதிரெதிராக இழுங்கள், பிரிந்துவிடும். அந்த அடுக்கு கீழே இருக்கும் நிறத்தைக் காட்டிவிடும், வெள்ளை அடித்தது அதற்கும் சேர்த்துத்தான். பூவை மட்டும் எடுக்கக் கத்தரிக்கோல் தேவையில்லை. மெல்லிய பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டுப் பூவைச் சுற்றிக் கோடு இழுத்து மெதுவாகப் பிரித்தால் ஓரம் பிசிறுபிசிறாக வரும், ஒட்டிய பிறகு எங்கே முடிகிறது என்றே தெரியாது. வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த படம் மட்டும் வேண்டாம், ஈரம் பட்டதும் மை ஓடிவிடும்.

இப்போது ஒட்டும் வேலை. ஃபெவிகாலை இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஈரத்தோடு ஒட்டுவது வழக்கமான முறை, ஆனால் நாப்கின் நனைந்தவுடன் விரிந்து சுருக்கம் விழும், கையும் பதறும். முதல் தடவை செய்பவர்கள் அயர்ன்பாக்ஸ் முறைக்கே போங்கள். பசையை மெல்லியதாகப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள், இன்னொரு பூச்சும் அதே மாதிரி. காய்ந்த பசைமேல் நாப்கினை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். சூட்டில் பசை இளகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரமே இல்லாததால் சுருக்கமும் இல்லை. சரியில்லாமல் ஒட்டிய இடத்தில் மறுபடி சூடு வைத்துப் பார்க்கலாம். பெட்டியின் பக்கங்களை அழுத்தும்போது உள்ளே ஒரு தடிமனான புத்தகத்தைக் கொடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அட்டை உள்ளே அமுங்கும். விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை உப்புத்தாளால் மேலிருந்து கீழ்நோக்கி ஒரே பக்கமாகத் தேய்த்தால் சுத்தமாக அறுந்து விழும்.

கடைசியாக, வாட்டர் பேஸ்டு வார்னிஷ், இரண்டு மூன்று பூச்சு. முதல் பூச்சை இழுத்துப் பூசாமல் ஒற்றி ஒற்றி வையுங்கள், நாப்கின் கிழியாது. ஃபெவிகாலையே மேலே பூசி முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், அது பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் மழைக்காலத்தில் பிசுபிசுத்து மூடி பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்துவிடும். வார்னிஷ் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் ஓரிரு நாள் மூடாமல் வையுங்கள். தூசி படிந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், ஈரத்துணி கூடாது.