சுண்டெலியில் வளர்ச்சி ஹார்மோன்: சுரப்பையும் நீக்கத்தையும் பிரித்து அளப்பது எப்படி?

கருவுற்ற சுண்டெலியின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் எகிறி நிற்கும். உடனே 'மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை அதிகமாகச் சுரக்கிறது' என்று முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரே வேகத்தில் சுரந்தாலும், ரத்தத்தை விட்டு அது நீங்கும் வேகம் பாதியாகிவிட்டால் ரத்தத்தில் அளவு இரட்டிப்பாகும். இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் எது நடந்தது என்று தெரியும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: எலி எந்த நிலையில் இருக்கிறது?
கருவுறாத பெண் எலிக்கு 4-5 நாள் இனப்பெருக்கச் சுழற்சி உண்டு. அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய யோனிக் கழுவலை நுண்ணோக்கியில் பாருங்கள். உட்கருவுள்ள உருண்டை செல்கள் நிறைந்திருந்தால் புரோஈஸ்ட்ரஸ். உட்கரு இல்லாத தட்டைச் செல்கள் என்றால் ஈஸ்ட்ரஸ். வெள்ளணுக்கள் மிகுந்திருந்தால் டைஈஸ்ட்ரஸ். கருவுற்றவற்றில், யோனி அடைப்பு (இணை சேர்ந்தபின் அங்கே உறைந்து நிற்கும் கட்டி) தெரிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். கர்ப்பம் 19-20 நாள்தான், ஒரு நாள் பிசகினாலும் பெரிய வித்தியாசம். பாலூட்டும் தாய்க்குக் குட்டிகளின் எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள்.

படி 2: ரத்த மாதிரி
இந்த ஹார்மோன் துடிப்பு துடிப்பாகச் சுரக்கிறது. ஒரே ஒரு மாதிரி உச்சத்தில் மாட்டினதா, பள்ளத்தில் மாட்டினதா என்று சொல்லவே முடியாது. வால் நுனியிலிருந்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை, 4 மைக்ரோலிட்டர் வீதம், 6 மணி நேரம் எடுங்கள். 36 மாதிரிக்கும் சேர்த்து 144 மைக்ரோலிட்டர். 25 கிராம் எலியில் சுமார் 1.8 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கும், ஆகவே எடுப்பது அதில் ஏறத்தாழ 8 சதவீதம். கையாளும் பதற்றமே சுரப்பை அடக்கிவிடும் என்பதால், முன்னதாகப் பல நாள் கைப்பழக்கம் கொடுப்பது கட்டாயம். அப்புறம், தாயைக் குட்டிகளிடமிருந்து பிரித்த நேரத்தையும் எழுதுங்கள். பால் குடிப்பது நின்றால் தாயின் ஹார்மோன் நிலையும் மாறும்.

படி 3: எலைசா
மாதிரி இவ்வளவு சிறியது என்பதால் உயர் உணர்திறன் கொண்ட எலைசா (எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனின் அளவைக் காணும் சோதனை) வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. எலியின் ரத்தத்தில் இந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் பிணைப்புப் புரதம் இருக்கிறது. கர்ப்பத்தில் அது பல மடங்கு பெருகும். ஹார்மோன் அதற்குள் ஒளிந்துகொண்டால் எதிர்ப்பொருளின் கண்ணில் படாமல் போகலாம். கர்ப்பகால மாதிரியில் தெரிந்த அளவு ஹார்மோனைச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள்.

படி 4: நீக்கம்
எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். முதலில் ஆக்ட்ரியோடைட் போன்ற சோமாட்டோஸ்டாட்டின் (வளர்ச்சி ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஹார்மோன்) வகை மருந்தால் எலியின் சொந்தச் சுரப்பை அடக்குங்கள். பிறகு சுண்டெலியின் வளர்ச்சி ஹார்மோனைச் சிரையில் ஒரே வீச்சில் செலுத்தி, அளவு இறங்குவதைப் பாருங்கள். மனித ஹார்மோன் வேண்டாம். அது பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் ஏற்பியிலும் ஒட்டும். கர்ப்பத்திலும் பாலூட்டலிலும் அது கணக்கைக் குழப்பிவிடும்.

கணக்குக்காக, 10, 20, 30-ஆம் நிமிடங்களில் ஹார்மோன் அளவு 80, 40, 20 என்று வந்ததாகக் கொள்வோம். பாதியாக 10 நிமிடம் ஆகிறது, அதுவே அரை ஆயுள். 0.693-ஐ அதால் வகுத்தால், நிமிடத்துக்கு 0.069 என்ற நீக்க மாறிலி. செலுத்திய அளவை, நேரத்துக்கு எதிரே ரத்த அளவை வரைந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பால் வகுத்தால் நீக்க வீதம். பிணைப்புப் புரதம் மிகுந்த எலியில் இந்தக் கோடு மெதுவாகச் சரியும்.

படி 5: சுரப்பைப் பிரித்தெடுத்தல்
6 மணி நேரத் தரவை டீகன்வல்யூஷன் மென்பொருளில் போடுங்கள்; ரத்த அளவிலிருந்து நீக்கத்தைக் கழித்துச் சுரப்பைக் கணக்கிடுவது அதன் வேலை. எல்லா எலிக்கும் ஒரே அரை ஆயுளைக் கொடுக்காதீர்கள். கருவுறாதவை, கருவுற்றவை, பாலூட்டுபவை ஒவ்வொன்றுக்கும் படி 4-இல் கிடைத்ததையே கொடுங்கள். கர்ப்பகால எலிக்குக் குறைவான அரை ஆயுளைக் கொடுத்தால், மெதுவாக நீங்குவதைக்கூட மென்பொருள் 'புதிதாகச் சுரந்தது' என்று காட்டிவிடும். துடிப்புகளின் எண்ணிக்கை, ஒரு துடிப்பின் நிறை, துடிப்புகளுக்கு இடையேயான சுரப்பு மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் எழுதி, பக்கத்திலேயே அந்த நிலையின் நீக்க வீதத்தையும் போட்டுவிடுங்கள்.