எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? தூக்கக் கலக்கத்தில் வண்டி எடுக்காமல் இருக்க ஒரு வேன்காரனின் வழி

என் வேனின் டேஷ்போர்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கும். அதில் மார்க்கரால் இரண்டு எண்கள். இன்று இருப்பவை: 5:10, 7. மாலை 5:10க்கு எழுந்தேன், அதற்கு முன் 7 மணி நேரம் தூங்கினேன். தினமும் பழைய டேப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு போக்குவரத்துக் காவல் அதிகாரி. அவருக்கே அது தெரியாது.

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) காய்கறி கொண்டுபோவது என் வேலை. இரவு ஒரு மணிக்கு லோடு ஏற்றினால் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழை இலைக் கட்டு எல்லாம் விடிவதற்குள் பஃப்ளோ ரோடு கடைகளில் இறங்கியிருக்க வேண்டும். ஊர் தூங்கும்போது வேலை, ஊர் எழும்போது தூக்கம். 2016 பொங்கல் வாரத்தில் கரும்பும் மஞ்சள் கொத்தும் சேர்ந்துகொண்டன, கேம்பல் லேனுக்கு இரண்டாவது நடை, மூன்றாவது நடை என்று போனது. அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்ததால் காலை 11 மணிக்கே எழுந்துவிட்டேன், வேலைக்குக் கிளம்பும் முன் படுக்க முடியவில்லை. எல்லாம் முடிந்து மறுநாள் காலை 6:40க்கு மத்திய விரைவுச்சாலையில் யீஷூனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பிராடல் ரோட்டுப் பலகையைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், இடது பக்கம் தகரம் கிழியும் சத்தம். தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டு போயிருக்கிறேன். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் எப்படியோ சமாளித்து விலகிவிட்டார். கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துவந்து, "அபாங் (அண்ணே), ஓகே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

யாருக்கும் அடியில்லை. ஆனாலும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேகமா, போனா, குடியா என்று கேட்பார்கள் என நினைத்துப் போனேன். அதிகாரி முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு எழுந்தாய்?" நான் விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பதரை மணி நேரத்துக்கு மேல் வந்தது. எண்ணி முடிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. கவனக்குறைவாக ஓட்டியதற்காக அபராதமும் டிமெரிட் புள்ளிகளும் (உரிமத்தில் ஏறும் தவறுப் புள்ளிகள்) கிடைத்தன. அதற்கு மேல் போகாதது என் அதிர்ஷ்டம்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. "கண் தானாக மூடிக்கொண்டது, நான் என்ன செய்வேன்" என்று நாம் சொல்வோம். சரி, தூங்குகிறவனுக்குத் தன் கை கால் மேல் கட்டுப்பாடு கிடையாதுதான். ஆனால் சாவியைத் திருப்பியபோது விழித்துக்கொண்டுதானே இருந்தான்? களைப்பு தெரிந்தும் ஏன் எடுத்தான்? கேள்வி அங்கேதான் நிற்கிறது. 2014இல் இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து இப்படி ஒரு வழக்கை விசாரித்தார்கள். இரவெல்லாம் தூங்காமல் காரோட்டிய ஒருவர், ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரியில் மோதினார். ஓர் ஊழியர் இறந்துபோனார். அதற்கு முன் கவனக்குறைவால் உயிர்போன வழக்குகளில் பெரும்பாலும் அபராதத்தோடு விட்டுவிடுவது வழக்கம். இனிமேல் சிறையிலிருந்துதான் கணக்குத் தொடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

இங்கே 'தூங்கிக்கொண்டு ஓட்டியது' என்று தனியாக ஒரு குற்றம் கிடையாது. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. கீழ்ப்படி, கவனமின்றி ஓட்டுவது. ஒருவரும் காயப்படாவிட்டாலும் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் 5,000 வெள்ளி, 2 ஆண்டு வரை. மரணம் என்றால் 10,000 வெள்ளி, 3 ஆண்டு வரை. மேல்படி, ஆபத்தான முறையில் ஓட்டுவது. அதில் மரணம் நேர்ந்தால் முதல் தடவைக்கே 8 ஆண்டு வரை, பலத்த காயத்துக்கு 5 ஆண்டு வரை சிறை. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை சிக்குபவர்களுக்கு இருந்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். "இப்போது லேசாகிவிட்டது அண்ணே" என்று கடையில் ஒருவர் சொன்னார். உச்சவரம்பு அப்படியேதான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். எந்தப் படியில் வழக்குப் போடுவது என்பது நம் கையில் இல்லை. இரண்டு தடவை கண் சொக்கி விழித்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனவன், கீழ்ப்படியிலேயே நின்றுவிடுவோம் என்று நம்பக் கூடாது.

என்னைப் போல வண்டியை நம்பிப் பிழைப்பவனுக்குச் சிறையைவிட உரிமம் போவதுதான் பெரிய பயம். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ தடை விழுந்தால் பழைய உரிமம் செல்லாது, மறுபடி தேர்வுகளை எல்லாம் எழுதி, ஓட்டிக்காட்டித்தான் வாங்க வேண்டும். தடைக்காலத்தில் 'மார்க்கெட்டுக்கு மட்டும்தானே' என்று எடுத்தால் அது தனிக் குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை.

இனி டேப்புக்கு வருகிறேன். விழித்த நேரத்தோடு 16 மணி நேரத்தைக் கூட்டுங்கள். அந்த மணிக்குள் வண்டி உங்கள் வீட்டுக் கார்பார்க்கில் நின்றிருக்க வேண்டும். 16 என்பது நானாக வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆய்வு செய்தவர்கள், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரைப் போல ஆகிவிடுகிறது என்று கண்டார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10. சிங்கப்பூரில் சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம், அதாவது 0.08. ஒரு நாள் முழுக்க விழித்திருந்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டிய ஆள் மாதிரி ஓட்டுகிறோம். ஊதச் சொன்னால் சுழியம் காட்டும், அவ்வளவுதான். அந்த 17ஐத் தொடாமல் இருக்க ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். இரண்டாவது எண், தூங்கிய நேரம், 5க்குக் கீழே இருந்தால் 16 கணக்கெல்லாம் கிடையாது. அன்று ஒரு நடைதான், கூடுதல் நடைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

பகலில் தூங்குவதும் ஒரு கலைதான். புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணமோ சாவோ நடந்தால் சத்தம் பத்தாவது மாடிக்கும் வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ரெனவேஷன் அப்படியில்லை. எந்த வீட்டில், எந்தத் தேதிகளில் வேலை நடக்கும் என்று லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டுவார்கள். நான் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன். மேல் வீட்டில் தரை உடைக்கும் நாட்களில் தங்கச்சி வீட்டில் போய்ப் படுப்பேன். முதலில் சிரித்தாள், இப்போது பாயை எடுத்து வைத்திருக்கிறாள்.

ஓட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்? கொட்டாவி முதல் மணி. அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம்: கடந்து வந்த இரண்டு சிக்னல் ஞாபகம் இல்லை, இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டோம், முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு 'திடீரென்று' எரிவதுபோல் தோன்றுகிறது. இதில் ஒன்று நடந்தாலே நீங்கள் ஏற்கெனவே சில நொடி தூங்கியிருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. என் வேனுக்கு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. அதிலேயே நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் போகும். நான்கு நொடி கண் மூடினால் கிட்டத்தட்ட 78 மீட்டர், ஓட்டுநர் இல்லாத வண்டி. விடியற்காலை 2 மணியிலிருந்து 6 வரைக்கும், பிற்பகல் 2 மணியிலிருந்து 4 வரைக்கும் உடம்பே தூக்கத்தை இழுக்கும் நேரம். பகலில் ஓட்டுபவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். வாழை இலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் மயக்கத்துக்குச் சோறு மட்டும் காரணமில்லை.

ஏர்கானை முகத்துக்குத் திருப்புவது, கண்ணாடியை இறக்குவது, வானொலியை அலறவிடுவது, பச்சைமிளகாய் கடிப்பது எல்லாம் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும். ஆறாவது நிமிடம் பழைய இடத்துக்கே வந்துவிடும், மிளகாய் எரிச்சல் மட்டும் மிச்சம். கோப்பி வேலை செய்யும், ஆனால் குடித்து இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான். அந்த இடைவெளியில்தான் பலர் "கோப்பி குடித்தாச்சு" என்ற தைரியத்தில் விரைவுச்சாலையில் ஏறுகிறார்கள்.

அதனால் நான் செய்வது இது. வடக்கே மலேசியாவில் நெடுஞ்சாலையில் மாச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று ஓய்விடங்கள் வரும். நம் விரைவுச்சாலைகளில் அப்படி ஒன்றும் கிடையாது, ஓரத்தில் நிறுத்தித் தூங்கவும் கூடாது. அது அவசரத்துக்கு மட்டும். அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடுங்கள். பெரும்பாலான எக்ஸிட்களில் இறங்கினால் சில நிமிடத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்பார்க் வரும். பல இடங்களில் அரை மணிக்கு 60 காசு. பல மாடிக் கார்பார்க் என்றால் நிழல் இருக்கும், மேல் மாடியைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்துவிட்டு வந்து, போனில் 20 நிமிட அலாரம் வைத்து, இருக்கையைச் சாய்த்துப் படுங்கள். எழும்போது கோப்பியும் வேலையைத் தொடங்கியிருக்கும். 20 நிமிடத்துக்கு மேல் நீட்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்ததும் தலை கனக்கும். எழுந்த உடனே கிளம்பாமல் கார்பார்க்கை ஒரு சுற்று நடந்து வாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏர்கானில் தூங்காதீர்கள், நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம். இந்தக் குட்டித் தூக்கம் வீடுவரை கொண்டுசேர்க்கும். இன்னொரு நடைக்கு அது போதாது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சளி, தும்மல், அரிப்பு மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை, சில இருமல் மருந்துகளும் அப்படித்தான். டாக்டரிடம் முதல் வார்த்தையே "நான் டிரைவர், இரவு வேலை" என்று இருக்கட்டும். தூக்கம் வராத வகை இருந்தால் அதையே எழுதித் தருவார். ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் கண் சொருகினால், குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்க் காட்டுங்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, வைத்தியம் உள்ள நோய்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது முதலாளியிடம் முடியாது என்று சொல்வது. நான் பட்டறிந்த வழி: நேரில் வாக்குவாதம் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "பாஸ், நேற்று 4 மணி நேரம்தான் தூக்கம். இரண்டாவது நடை பாதுகாப்பு இல்லை. 20 நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு வண்டியை விட்டுவிடுகிறேன், வேறு ஆள் பாருங்கள்." நேரத்தோடு பதிவாகும். அதைப் படித்துவிட்டு "பரவாயில்லை, ஓட்டு" என்று எழுத்தில் பதில் போட எந்த முதலாளிக்கும் கை வராது. வேலை நியமனச் சட்டமும் கைகொடுக்கும். மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளியை, கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது பொது விதி. மாதத்தில் கூடுதல் நேரம் 72 மணிக்குள் இருக்க வேண்டும். வேலையிடத்தில் நாள் முழுக்க உழைத்துவிட்டு, சாயங்காலம் சக ஊழியர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டும் தம்பிகள் இன்னொன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து, 6 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓய்வு தந்த பிறகுதான் அப்படி ஓட்டச் சொல்லலாம். தரவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் சொல்லலாம்.

இவ்வளவுக்கும் பிறகு மோதிவிட்டால்? வண்டியை நிறுத்துங்கள், அடிபட்டவருக்கு 995ஐக் கூப்பிடுங்கள். யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் செய்ய வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். பூனை குறுக்கே வந்தது என்று கதை கட்டாதீர்கள். பின்னால் வந்த வண்டியின் கேமரா, நீங்கள் பிரேக்கே போடாததைக் காட்டிக்கொடுத்துவிடும். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். கையில் காசில்லாத குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குற்ற வழக்கில் அரசே வழக்கறிஞர் தரும் ஏற்பாடு 2022 இறுதியிலிருந்து இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் இப்போது நான்கு வேன்கள், நான்கிலும் டேப் உண்டு. போன மாதம் சேர்ந்த பையன் தினமும் '4:00, 8' என்றே எழுதிக்கொண்டிருந்தான். மதியம் இரண்டு மணிக்கு எனக்கு ஒரு வீடியோ அனுப்பியதை அவன் மறந்துவிட்டான். "தம்பி, தூக்கத்தில் அனுப்பினாயா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே டேப்பைக் கிழித்து '1:30, 4' என்று எழுதினான். அன்று அவன் லோடில் பாதியை என் வேனில் ஏற்றிக்கொண்டேன். தேக்காவில் முதல் நடையை இறக்கிய கையோடு சாவியை வாங்கிவைத்துக்கொண்டு அவனை முதல் பேருந்தில் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் டேப்பில் 5:20, 7 என்று இருந்தது.