அரைத் தேங்காயும் ஒரு சுண்டுப் பருப்பும்: சிக்கனச் சமையலில் புதியவர்கள் விடும் பிழைகள்

படிப்புக்காகவோ வேலைக்காகவோ யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும் இளையவர்கள் முதல் மாதம் கடைச் சாப்பாட்டில் காலத்தை ஓட்டிவிட்டு, இரண்டாம் மாதம் ஒரு சட்டியும் கரண்டியும் வாங்கிச் சமைக்கத் தொடங்குகிறார்கள். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பின்னர் அந்த வேகம் அடங்கியதே தவிர, விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே வீட்டில் சமைப்பது என்ற முடிவு சரியானதே. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்களில் பலர், மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது, கடையில் சாப்பிட்ட காலத்தைவிடப் பெரிதாக எதுவும் மிச்சமாகவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். மலிவாக வாங்கிய பொருளும் அடுக்களையில் வீணாகிவிட்டால் மலிவாக இராது என்பதுதான் அதற்கான காரணம்.

முதற்பிழை, இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று கைப்பேசியில் ஒரு செய்முறையைத் தேடிப் பிடித்துவிட்டு, அதற்கு வேண்டியவற்றை வாங்கப் புறப்படுவது. ஒரு நாள் ஆசைக்கு வாங்கிய சோஸ் போத்தலும் ஒரு கரண்டி மட்டும் எடுத்த வாசனைப்பொடியும் அடுக்களைத் தட்டின் மூலையில் கிடந்து காலாவதியாகும். அரிசி, மைசூர்ப் பருப்பு, கடலை, செத்தல் மிளகாய், கறித்தூள், மஞ்சள், வெந்தயம், பழப்புளி, உப்பு, வெங்காயம், தேங்காய் ஆகியவை இருந்தாலே பருப்புக்கறி, சொதி, சம்பல், கடலைக் குழம்பு, இரசம் என ஒரு கிழமையை ஒப்பேற்றிவிடலாம். தட்டில் இருப்பதை முதலில் பார்த்து, அதனோடு சேர ஒரு மரக்கறியோ ஒரு பிடி கீரையோ மட்டும் வாங்கி வருவதே முறை.

இரண்டாவது, அளவு. மொத்த விலை மலிவு என்று கேட்டுத் தனியாள் ஒருவர் கிலோக்கணக்கில் மரக்கறி வாங்குவதில் பயனில்லை. புறக்கோட்டையில் இருந்து பேலியகொடைக்கு மாறிய மனிங் சந்தையில் நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் இலாபம் உண்டு. ஒருவருக்கோ, பாதிக் கோவாவும் வாடிய போஞ்சியும்தான் மிஞ்சும். உலர்பொருளுக்கும் இது பொருந்தும் என்பதை நான் நட்டப்பட்டே அறிந்தேன். மொத்தக் கடையொன்றில் விலை குறைவென்று ஐந்து கிலோ பருப்பை வாங்கி, வாங்கிய பையிலேயே கட்டி வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழியுமுன் பாதியில் வண்டு விழுந்துவிட்டது. கடற்கரையை அண்டிய இந்நகரின் ஈரக்காற்றில் பருப்போ கறித்தூளோ இறுக மூடிய போத்தலில்தான் இருக்க வேண்டும். ஈரக்கரண்டி அதற்குள் போகக்கூடாது. கறித்தூளைப் பொறுத்தவரை, ஊரிலிருந்து அம்மா வறுத்து இடித்து அனுப்பியது இரண்டு கிலோவாக இருந்தால், ஒரு மாதத்துக்கானதை வெளியில் வைத்துக்கொண்டு மிகுதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

எனினும் நம் சமையலில் அதிக பணம் வீணாகும் இடம் தேங்காய்தான் என்பது என் எண்ணம். ஒருவருக்கோ இருவருக்கோ சமைக்கும்போது முழுத் தேங்காயையும் உடைத்துத் திருவி, ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் விட்டுப் பிழிந்து, அந்தப் பாலை எல்லாம் தொடக்கத்திலேயே கறியில் ஊற்றிக் கொதிக்க விட்டு, பிழிந்த தேங்காய்ப்பூவைக் குப்பையில் கொட்டுவதைப் பல அறைகளில் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு பிழைகள் இருக்கின்றன. இருவருக்கான ஒரு கறிக்குப் பாதித் தேங்காய் தாராளம். திருவிய பூவில் சிறிதளவு இளஞ்சூடான நீர் விட்டுப் பிசைந்தால் கொழுப்பு இலகுவில் இறங்கும். அப்படி எடுத்த முதற்பாலைப் புறம்பாக வைத்துவிட்டு, மேலும் இரண்டு தடவை நீர் விட்டு இரண்டாம் பாலையும் கப்பிப்பாலையும் எடுக்க வேண்டும். மரக்கறி வேக வேண்டியது அந்தத் தண்ணிப்பாலில். முதற்பாலைக் கடைசியில் சேர்த்து, ஒரு கொதி வரும் தறுவாயில் இறக்கினால் அரைக்கோப்பைப் பாலே கறிக்குத் தடிப்பைத் தந்துவிடும். தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகள் புரதத்தின் துணையோடு நீரில் கலந்து நிற்கின்றன. கடுஞ்சூட்டில் அப்புரதம் இறுகி, எண்ணெய் பிரிந்து, பால் திரைந்து போகிறது. திரைந்த கறி கெட்ட கறி அன்று, பார்வைக்கு மட்டுமே குறை. அதை வீசிவிட்டு வேறு கறி வைப்பது இன்னொரு வீண். சொதிக்குத் தேசிப்புளி விடுவதும் இவ்வாறே: அடுப்பை விட்டு இறக்கிய பின்னரே விட வேண்டும்.

உடைத்த தேங்காயில் கண் உள்ள பாதி முந்திப் பழுதாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை முதலில் எடுத்துவிட்டு மற்றப் பாதியைத் திருவிச் சிறு பொதிகளாக உறைபெட்டியில் வைத்தால் சில வாரம் இருக்கும். பால் பிழிந்த பூவில் சுவை குறைவுதான், ஆயினும் வல்லாரை அல்லது முருங்கையிலை வறைக்குப் புதிய பூவோடு பாதிக்குப் பாதி கலந்தால் எவரும் கண்டுபிடிக்கமாட்டார். கிழமைக்கு ஒரு தடவை மட்டும் சமைப்பவர், குளிர்சாதனப் பெட்டியும் இல்லாதவர் என்றால், பழுதாகும் அரைத் தேங்காயைவிடத் தேங்காய்ப்பால்மாப் பொதி அவருக்கு இலாபம். இதைச் சொன்னால் என் பெரியம்மா முகம் சுளிப்பார்.

அடுத்தது புளி சேர்க்கும் நேரம். கடலையையோ கௌபியையோ ஊற வைக்க மறந்துவிட்டு, மாலையில் நேரடியாக அடுப்பில் ஏற்றி, அதனோடு தக்காளியையும் பழப்புளிக் கரைசலையும் சேர்த்துவிட்டால், ஒரு மணித்தியாலம் கழித்தும் கடலை கல்லாகவே இருக்கும், கேஸ் மட்டும் தீர்ந்துகொண்டிருக்கும். பருப்பு வகைகளின் கலச்சுவர்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்ரின் என்னும் பொருள் புளிப்பான நீரில் எளிதில் இளகாது. ஆதலால் முதல் நாள் இரவே ஊற வைத்து, எட்டு மணித்தியாலம் ஊறிய கடலையை வேறாக அவித்து, விரலால் நசுக்கினால் மசியும் நிலைக்கு வந்த பின்னரே புளி, தக்காளி, கொறுக்காய் எதையும் சேர்க்க வேண்டும். மைசூர்ப் பருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊற வைக்காமலே பதினைந்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும். நூறு கிராம் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அது இரண்டு மூன்று பேருக்குக் கறியாகும் என்பதால், இறைச்சி இல்லாத நாளை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை.

மீன் விலை எட்டாத நாட்களில் ரின் மீனும் நெத்தலிக் கருவாடும் கைகொடுக்கும். ஆனால் 425 கிராம் ரின் ஒன்றை ஒரே வேளைக்குத் தனிக்கறியாக வைத்துவிடாமல், வாழைக்காயோ உருளைக்கிழங்கோ சேர்த்து இரு வேளைக்கு ஆக்கலாம். ரின் மீன், கருவாடு இரண்டிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவி, கறி கொதித்த பின் சுவைத்துப் பார்த்தே உப்புப் போட வேண்டும். உப்புக் கூடிய கறியைச் சரிசெய்யத் தேங்காய்ப்பாலையும் கிழங்கையும் கொட்டுவது சிக்கனத்தில் சேராது.

மலிவென்று மரவள்ளிக்கிழங்கை வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்கிழங்கில் சயனைட்டை வெளிவிடும் சேர்மங்கள் இருப்பதால், தோலை முற்றாக நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய நீரில் மூடாமல் அவித்து, அவித்த நீரை ஊற்றிவிட வேண்டும். கேஸை மிச்சம் பிடிக்க மற்ற எல்லாச் சட்டியையும் மூடுங்கள். இதை மட்டும் மூட வேண்டாம்.

மிஞ்சிய சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சுண்டு அரிசி இருவருக்குப் போதும் என்றிருக்க, விருந்தினர் எவரேனும் வரக்கூடும் என்ற ஊர்ப்பழக்கத்தில் இரண்டு சுண்டு போட்டுவிட்டு, மிஞ்சியதை இரவு முழுவதும் பானையிலேயே விட்டுவிடுகிறோம். வேகும்போது சாகாத சில பற்றீரிய வித்துகள், கொழும்பின் வெக்கையில் சோறு ஆறிக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும்; அந்த நஞ்சு மறுநாள் சூடாக்குவதால் அழியாது. ஆகவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாட் காலையிலேயே வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கிளறி முடித்துவிட வேண்டும். பெட்டி இல்லாத அறையில் இருப்பவர்கள் அரை அரைச் சுண்டாக அளந்து போட்டுப் பழகலாம். எதிர்பாராமல் ஒருவர் வந்துவிட்டால், முச்சந்திப் பேக்கரியில் ஒரு இறாத்தல் பாண் கிடைக்கும், சம்பல் இடிக்க மற்றப் பாதித் தேங்காய் இருக்கிறது.