இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு முதலில் வருவது கஞ்சி. பிறகு சாத்துக்குடி ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர், "தெம்பு வரட்டும்" என்று சர்க்கரை தூக்கலாகப் போட்ட சத்துமாவுப் பால். எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் இரைப்பை இல்லாத உடம்பை அதிகம் வாட்டுவதும் இவைதான்.

இரைப்பை வெறும் பை இல்லை. சாப்பிட்டதைக் கூழாக்கி, அடியில் இருக்கும் சுருக்குத் தசை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு விடும். முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேராக இணைத்திருப்பார்கள். கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்கும் அந்தச் சுருக்குத் தசை போயிருக்கும். இனி அரைக்கிற வேலை பல்லுக்கு, அளந்து அனுப்புகிற வேலை உங்கள் கைக்கு.

ஒரு டம்ளர் ஜூஸை மளமளவென்று குடித்தால் என்ன ஆகும்? அத்தனை சர்க்கரையும் ஒரேயடியாகக் குடலில் இறங்கும். அதை நீர்க்கச் செய்ய ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். 10 முதல் 30 நிமிடத்தில் வயிறு முறுக்கும், நெஞ்சு படபடக்கும், குப்பென்று வியர்க்கும், பேதியாகும். இதை டாக்டர்கள் 'டம்பிங்' என்பார்கள். இரண்டாவது அலை 1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும். சடாரென்று ஏறிய சர்க்கரைக்காகச் சுரந்த இன்சுலின், சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். அப்போது 2, 3 ஸ்பூன் சர்க்கரை கொடுப்பது சரிதான். அதோடு விடுவதுதான் தவறு. கால் மணி நேரத்தில் ஒரு முட்டையோ பிஸ்கட்டோடு பனீரோ சாப்பிடாவிட்டால் மறுபடி இறங்கும். நீரிழிவுக்காரர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய மாத்திரை, இன்சுலின் அளவை அப்படியே தொடரக் கூடாது. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கிற பழக்கமும் இதே கோளாறைத் தரும். ரசம் சாதத்தைக் கரைத்துக் குடிப்பதும் அப்படித்தான். குழைந்த பருப்பு சாதமாகக் கெட்டியாகச் சாப்பிடுங்கள். தண்ணீர், மோர் எல்லாம் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும், வாய் வாயாக. நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போனால் போதும்.

கஞ்சிப் பத்தியத்தை மாதக்கணக்கில் நீட்டுவதுதான் எங்கள் பார்வையில் பெரிய தவறு. ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் புரதம் இருந்தாலே அதிகம். 50 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், 75 கிராம் மீனில் சுமார் 15, 50 கிராம் பனீரில் 9, இரண்டு கிண்ணம் தயிரில் 10, பச்சையாக அளந்த 60 கிராம் பருப்பில் 14. கூட்டினால் 60 வந்துவிடும். மூன்று வேளையில் இது நடக்காது. இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை, ஆறு முதல் எட்டு வேளை. தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒரு இட்லியும் ஒரு முட்டையும் போதும், ஆனால் முட்டையை முதலில் சாப்பிடுங்கள். இட்லியால் நிறைந்த பிறகு முட்டைக்கு இடம் இருக்காது. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பினால் தயிருக்கு மாறுங்கள்.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தோடு உட்காரும் பெண்களுக்கு இந்த அட்டவணை முதல் வாரமே குலைந்துவிடுகிறது. விரதமும் இப்போது வேண்டாம். குடிப்பழக்கம் இருந்த ஆண்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: பழைய அளவு மதுவே இப்போது வேகமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும்.

முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், ஆரஞ்சுச் சுளையின் தோல் இவையெல்லாம் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளலாம். மட்டனைக் கொத்துக்கறியாகச் செய்யுங்கள்.

மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் பலர் எண்ணெயை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். எடை இன்னும் இறங்கும். கொழுப்பைச் செரிக்க உதவும் கணைய நொதி மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால், சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், முடிந்த பிறகு அல்ல.

இரவில் கசப்பாக மேலே வருவது, முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கு அமிலம் இல்லை, பித்தம். அசிடிட்டி மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 செ.மீ. உயர்த்துங்கள். படுப்பதற்கு இரண்டு மணி முன்பே கடைசிச் சாப்பாட்டை முடியுங்கள்.

வைட்டமின் பி12 ஊசியைப் பாதியில் விடுவது சத்தமில்லாமல் பழிவாங்கும் தவறு. உணவில் இருக்கும் பி12-ஐக் குடல் உறிஞ்சத் தேவையான பொருள் இரைப்பையில்தான் சுரக்கும். கல்லீரலின் கையிருப்பு சில வருடம் தாங்குவதால் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். பிறகு பாதம் மரத்து, நடை தடுமாறும். சாதாரண மல்டிவிட்டமின் இதற்குப் போதாது. ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால் ரத்தசோகை மறையும், நரம்பு பழுதாவது நிற்காது. முழு இரைப்பையும் போனவர்களுக்கு பி12 வாழ்நாள் மருந்து. இரும்பு மாத்திரையை டீ, காபியோடும் கால்சியத்தோடும் சேர்த்து விழுங்காதீர்கள். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரும்புச்சத்து இன்னும் சீக்கிரம் குறையும். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேளுங்கள், கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். முதல் சில மாதத்தில் பத்துக்கு ஒரு பங்கு குறைவது வழக்கம்தான். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால், விழுங்கியது நெஞ்சில் நின்றால், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தால், மலம் தார் போல் கறுத்தால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள்.