‘எனக்கெல்லாம் சர்க்கரை வராது’ என்னும் எண்ணத்தைச் சரிபார்க்கும் முறை

நமக்கு ஒரு நோய் வருமா என்று கேட்டால், உடலைப் பார்த்துப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பெரும்பாலும் சுபாவத்தைக் கொண்டே பதில் சொல்லிவிடுகிறோம். “எனக்கெல்லாம் வராது” என்பவரும், “எப்படியும் வரத்தான் போகிறது” என்று சோர்ந்திருப்பவரும் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் ஒன்றுபட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அமெரிக்க உளவியலாளர் நீல் வைன்ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், கெடுதிகள் சக மாணவர்களைவிடத் தமக்குக் குறைவாகவே நேரும் என்று மாணவர்கள் சராசரியாக மதிப்பிட்டிருந்தார்கள். வாழ்க்கையின்மேல் உள்ள பொதுவான நம்பிக்கை வேறு, ஒரு குறிப்பிட்ட நோய் தன்னைத் தொடாது என்னும் கணிப்பு வேறு. இங்கே சரிபார்க்க வேண்டியது பின்னதை மட்டுமே.

எதையும் அளப்பதற்கு முன், உங்கள் வயதையொத்தவர்களைவிட உங்களுக்கு நீரிழிவு இருக்கும் வாய்ப்பு குறைவா, சமமா, அதிகமா என்பதைக் காரணத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். அளந்த பிறகு எழுதினால், மனம் தன் பழைய கணிப்பைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும்.

அடுத்து, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணைக் கணக்கிடுங்கள். வயது 35 முதல் 49 வரை என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. உடலுழைப்புக்குக் கடும் உழைப்பாளிக்கு 0 தொடங்கி, உட்கார்ந்தே இருப்பவருக்கு 30 வரை உண்டு.

இடுப்புச் சுற்றளவில்தான் சுபாவம் அதிகம் விளையாடுகிறது. பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே நிற்கும் அளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டதும் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.யைத் தொட்டால் 10 மதிப்பெண், 100-ஐத் தொட்டால் 20. பெண்களுக்கு 80-ஐத் தொட்டால் 10, 90-ஐத் தொட்டால் 20.

மொத்தம் 60-ஐத் தொட்டால் இடர் அதிகம். 30-க்குக் கீழ் என்றால் குறைவு. தாளில் “குறைவு” என்று எழுதியவருக்கு 60 வந்தால், அந்த வாரத்திலேயே இரத்தப் பரிசோதனைக்குப் போகட்டும். “அதிகம்” என்று எழுதி 20 பெற்றவர், அடிக்கடி சோதித்துக்கொள்வதை விட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியைப் பின்பற்றலாம். மதிப்பெண் நோயை உறுதிசெய்யாது. வெறும்வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால், மருத்துவர் மறுபடியும் சோதித்தே முடிவு சொல்வார்.