உள்ளரங்க பேட்மின்டன்: படம் கலங்காமல் எடுக்க

உள்ளரங்கில் படம் கலங்குவதற்கு முதல் காரணம் ஷட்டர் வேகம் போதாததுதான். கேமராவை மேனுவல் மோடில் வைத்து 1/1000 நொடியில் தொடங்குங்கள். ஸ்மாஷ் அடிக்கும் கையும் தெளிவாக வேண்டுமென்றால் 1/1600. ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று வேகத்தைக் குறைக்காதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், ஆட்டக்காரரின் ஓட்டத்துக்கு அல்ல.

லென்ஸ், எஃப்/2.8 ஜூம் (எஃப் எண் சிறியதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). அந்த ஜூம் விலை கட்டுப்படியாகாவிட்டால் 85 எம்எம் எஃப்/1.8 வாங்கி எஃப்/2இல் வையுங்கள், ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகவே, அதாவது இரு மடங்காக, கிடைக்கும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, உச்சவரம்பு 6400. அதனால் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸைப் பிறகு குறைக்கலாம். அசைவில் கலங்கிய முகத்தை மீட்க முடியாது.

ஃபோகஸ், நகர்பவரைத் தொடர்ந்து பின்பற்றும் மோடில்: கேனானில் சர்வோ. நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை எடுத்தால் ஃபோகஸ் வலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியை முகத்தில் வையுங்கள், அல்லது கோர்ட்டின் பக்கவாட்டுக்கு நகருங்கள்.

பலரைக் குழப்புவது விளக்கு. தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளடித்து இருட்டாகவும் வந்தால் கேமராவில் கோளாறில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். விளக்கு ஒளிரும் கணம் பார்த்துப் படமெடுக்கும் ஆன்டி-ஃப்ளிக்கரை ஆன் செய்யுங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆட்டக்காரரின் கண் கூசும்.