ஆண்டீஸ் தேவாலய முகப்பைப் பார்ப்பது எப்படி?

தென் பெருவிலும் பொலிவியாவிலும் உள்ள காலனியக் காலத் தேவாலயங்களுக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது சூரியனைத்தான். கண்டதுமே ‘இன்காக்களின் சூரியக் கடவுள்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சிலுவைக்கு இருபுறமும் சூரியனும் நிலவும் வரைவது ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியத்தின் பழைய வழக்கம். ஆகவே உருவங்களைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் உளி போன விதத்தைப் பாருங்கள்.

தென் பெருவின் அரெகிப்பா நகரிலுள்ள இயேசு சபைத் தேவாலயத்தில் தொடங்குவது நல்லது. 1698 என்ற ஆண்டு முகப்பிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. கல், சில்லார் எனப்படும் வெண்ணிற எரிமலைக் கல். உளிக்கு எளிதில் இணங்கும். அருகில் போய் ஒரே ஒரு இலையைப் பாருங்கள். அது உருண்டு திரண்டிருக்காது. மேற்பரப்பைத் தட்டையாக விட்டு, சுற்றியுள்ள பின்னணியை மட்டும் ஆழமாக வெட்டி எடுத்திருப்பார்கள். அதனால் விளிம்பை ஒட்டி நிழல் கோடாக விழும். கொஞ்சமும் வெற்றிடம் இல்லாமல், பூவேலைத் துணியை விரித்து ஒட்டியதுபோல இருக்கும். உள்ளூர்க் கைவண்ணத்துக்கு இதுவே நம்பகமான அடையாளம். உச்சிவெயிலில் போனால் வெள்ளைக் கல் கண்ணைக் கூசுமே தவிர, செதுக்கல் தெரியாது. வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், ஒரு சிறிய பைனாகுலரோடு போங்கள்.

அடுத்து, சட்டகத்தையும் நிரப்பலையும் பிரித்துப் பாருங்கள். தூண், வளைவு, மாடம் எல்லாம் ஐரோப்பிய இலக்கணம். இடைவெளிகளில்தான் ஆண்டீஸ் இருக்கிறது. குழல்போல நீண்டு நுனியில் ஐந்து இதழ் விரிந்தால் அது ஆண்டீஸ் மலைப்பூவான கன்துத்தாவாக இருக்கலாம். டிட்டிகாக்கா ஏரிக்கரை ஊர்களில் பப்பாளியும் குரங்கும்கூடக் கண்ணில் படும். சுமார் 3,800 மீட்டர் உயரக் குளிரில் பப்பாளி காய்க்காது. சிற்பி கீழ்க்காட்டு வளத்தை வேண்டுமென்றே மேலே கொண்டுவந்திருக்கிறார்.

பொலிவியாவின் பொத்தோசி நகரிலுள்ள சான் லொரென்சோ தேவாலய வாயிலில் (1728–1744) நரம்புக் கருவி மீட்டும் கடற்கன்னிகள் இருக்கிறார்கள். கருவியின் அளவைக் கவனியுங்கள்: உடல் சிறியதாக இருந்தால் ஆண்டீஸின் சிறு நரம்புக் கருவியான சராங்கோ என்று கொள்ளலாம். கடற்கன்னி ஐரோப்பாவிலிருந்தும் வந்தவள். டிட்டிகாக்கா கதைகளில் துனுப்பா என்ற ஆண்டீஸ் தெய்வத்தை மயக்கிய மீன்பெண்களும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தள்ளினால் சிற்பத்தில் பாதி போய்விடும்.

முகப்போடு திரும்பிவிடாதீர்கள். பெருவின் குஸ்கோ நகருக்குத் தெற்கே அந்தவாய்லியாஸ் ஊர்த் தேவாலயத்தில், ஞானஸ்நான அறையின் வாசலைச் சுற்றித் திருமுழுக்கு வாசகம் ஐந்து மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது: லத்தீன், ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா, பூக்கினா. கடைசி மொழியைப் பேச இன்று யாரும் இல்லை.